உங்க போனுக்கு நிஜமான ஓனர் யார்? 'ரூட்' முதல் 'அலோ' பட்டன் வரை... ஒரு முழு கைடு!

2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது உலகின் முதல் ஆண்ட்ராய்டு போனான டி-மொபைல் ஜி1. அடுத்த மாதமே அதில் ஒரு விநோதமான குறை வெளியே வந்தது. மெசேஜ் அடித்துக்கொண்டிருந்த ஒருவர் ஆங்கிலத்தில் 'ரீபூட்' என்று டைப் செய்து என்டர் தட்ட, போன் நிஜமாகவே ரீஸ்டார்ட் ஆனது! போன் ஆன் ஆகும்போதே பின்னணியில் ஒரு கமாண்ட் விண்டோ திறந்துகொண்டதுதான் காரணம். கீபோர்டில் எதை அடித்தாலும் அங்கேயும் போய்ச் சேர்ந்தது. அதுவும் 'ரூட்' எனப்படும் உச்சபட்ச அதிகாரத்தோடு! கூகுள் அவசர அவசரமாக ஒரு அப்டேட் அனுப்பி அதை மூடியது.

அன்றைக்குத் தவறுதலாகத் திறந்து கிடந்த அந்தக் கதவு, இன்று உங்க போனில் இறுக்கமாகப் பூட்டியிருக்கிறது. "காசு கொடுத்து வாங்கின போன், எனக்கே சாவி இல்லையா?" என்று அதைத் திறக்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு பக்கம். "ரூட் பண்ணினா போன் காலி" என்று பயமுறுத்துகிறவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டு தரப்பும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. இன்றைக்கு அக்கவுன்ட்டில் இருக்கும் பணத்தைத் தூக்கும் கும்பல் பெரும்பாலும் ரூட் பக்கமே வருவதில்லை. நீங்க தட்டும் 'அலோ' பட்டன் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

போனில் யாருக்கு என்ன அதிகாரம், எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது... வரிசையாகப் பார்த்துவிடலாம்.

ஓப்பன் சோர்ஸ்னா பாதுகாப்பு இல்லையா?

ஆண்ட்ராய்டின் அடிப்படை கோடிங்கை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், தன் போனில் போட்டுக்கொள்ளலாம். அதன் இதயமான லினக்ஸ் கெர்னலும் அப்படித்தான். ஆனால், உங்க போனில் இருக்கும் எல்லாமே ஓப்பன் சோர்ஸ் கிடையாது. ப்ளே ஸ்டோர், ஜிமெயில், மேப்ஸ் போன்ற கூகுள் ஆப்கள், சிப் கம்பெனியின் டிரைவர்கள், போன் கம்பெனி சேர்த்த ஆப்கள் எல்லாம் மூடிய சரக்குதான்.

"கோடிங்கை எல்லாரும் பார்க்கலாம்னா திருடனும் பார்ப்பானே?" என்பது நியாயமான கேள்வி. பார்ப்பான். ஆனால், நல்லவர்களும் பார்ப்பார்கள். அதற்காக 'ஓப்பன்' என்றாலே பத்திரம் என்றும் அர்த்தமில்லை. 'டர்ட்டி கவ்' என்ற ஓட்டை 2007 முதலே லினக்ஸ் கெர்னலுக்குள் இருந்தது. 2016-ல்தான் பிடிபட்டது. ஒன்பது வருஷம், இத்தனை பேர் கண்ணுக்கு முன்னாடியே! சாதாரண ஆப் ஒன்று ரூட் அதிகாரத்தைப் பறிக்க அந்த ஓட்டை வழி செய்தது.

இன்னொரு சிக்கல், ஓட்டையை அடைத்தாலும் அந்த அடைப்பு உங்க போனுக்கு வந்து சேர வேண்டும். 2015-ல் 'ஸ்டேஜ்ஃப்ரைட்' என்ற ஓட்டை வெளிவந்தது. ஒரு எம்.எம்.எஸ் வீடியோ அனுப்பினாலே போனுக்குள் புக முடியும் என்ற நிலை. அதன் பிறகுதான், அந்த ஆகஸ்ட் முதல், கூகுள் மாதாமாதம் செக்யூரிட்டி அப்டேட் வெளியிட ஆரம்பித்தது. கூகுள் வெளியிட்டாலும் அதை உங்க மாடலுக்குத் தகுந்தபடி மாற்றி அனுப்ப வேண்டியது போன் கம்பெனி. பட்ஜெட் போன்கள் பலவற்றில் இரண்டு, மூன்று வருஷத்தில் இது நின்றுபோகும். அதனால் புது போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்பதோடு, எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வரும் என்றும் கேளுங்கள்.

போனுக்குள்ளே ஒரு திருவல்லிக்கேணி மேன்ஷன்!

அதிகாரம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று புரிய, திருவல்லிக்கேணி பேச்சிலர் மேன்ஷன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு ஆள், ஒரு பூட்டு. பக்கத்து ரூம் பெட்டியை இவர் திறக்க முடியாது. தண்ணீர், கரன்ட், மொட்டை மாடி என்று பொதுவானது எதற்கும் மேனேஜரிடம் கேட்க வேண்டும். எல்லா ரூமுக்கும் பொருந்துகிற மாஸ்டர் சாவி ஒன்று இருக்கும்.

ஆண்ட்ராய்டும் இதேதான். சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டரில் யூஸர் என்றால் ஒரு மனிதர். ஒரே கம்ப்யூட்டரை அப்பா, மகள் என்று இருவர் பயன்படுத்தினால் இரண்டு யூஸர். ஆண்ட்ராய்டு இந்த ஏற்பாட்டைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டது. இங்கே ஒவ்வொரு ஆப்பும் தனி யூஸர். இன்ஸ்டால் ஆகும்போதே ஆப்புக்கு 10,000-க்கு மேல் ஒரு எண் ஒதுக்கப்படும். அந்த எண்ணுக்கு உரிய ஃபோல்டரை மற்ற ஆப்கள் தொட முடியாது. அதனால்தான் நீங்க போட்ட கேம், பேங்க் ஆப்பின் ஃபைல்களைத் திறந்து பார்க்க முடிவதில்லை. இதற்குப் பெயர் 'சாண்ட்பாக்ஸ்'.

மாஸ்டர் சாவி வைத்திருக்கும் யூஸரின் எண் 0. அதுதான் ரூட். அதற்கும் ஒரு கடிவாளம் உண்டு. 'எஸ்.இ.லினக்ஸ்' என்ற கூடுதல் காவல், ஆண்ட்ராய்டு 5 முதல் போன் முழுக்கக் கட்டாயம். ரூட் அதிகாரத்தில் ஓடும் சிஸ்டம் வேலைகூட, தனக்கு எழுதிவைத்த வேலையை மட்டும்தான் செய்யலாம்.

இதில் உங்க இடம் எது? நீங்க மேன்ஷன் ஓனர் கிடையாது. யாருக்கு மொட்டை மாடி, யாருக்குத் தண்ணீர் என்று முடிவுசெய்யும் மேனேஜர். அதிகாரம் குறைவு மாதிரி தெரியும். ஆனால், நிஜத்தில் அது எவ்வளவு பெரியது என்று கடைசியில் புரியும்.

ரூட் பண்ணலாமா... கூடாதா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பூட்லோடர் அன்லாக், கஸ்டம் ரோம், ரூட் மூன்றும் வேறு வேறு.

* பூட்லோடர் அன்லாக்: போன் ஆன் ஆகும்போது முதலில் விழிப்பது பூட்லோடர். உள்ளே இருக்கும் சிஸ்டத்தில் கம்பெனியின் கையெழுத்து இருக்கிறதா, யாராவது மாற்றினார்களா என்று சோதித்த பிறகே மேற்கொண்டு நகர விடும் வாட்ச்மேன். அன்லாக் செய்தால், "யார் வந்தாலும் விடு" என்று அவரிடம் சொல்வதாக அர்த்தம். அன்லாக் ஆகும்போது போனில் இருக்கும் டேட்டா மொத்தமும் அழியும். திருடியவன் அன்லாக் செய்து உங்க போட்டோக்களைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

* கஸ்டம் ரோம்: கம்பெனி கொடுத்த சிஸ்டத்தை எடுத்துவிட்டு வேறு ஆண்ட்ராய்டைப் போடுவது. பிரபலமான 'லீனியேஜ் ஓ.எஸ்', 2016 இறுதியில் மூடப்பட்ட 'சயனோஜென்மோட்' குழுவின் வழித்தோன்றல். இதில் ரூட் வசதி இயல்பாகவே கிடையாது.

* ரூட்: மாஸ்டர் சாவியையே வாங்குவது. இதற்கு இன்று பலரும் பயன்படுத்துவது 'மேஜிஸ்க்'.

ரூட்டில் லாபம் இல்லாமலில்லை. போனை முழுசாக பேக்கப் எடுக்கலாம். எந்த ஆப் இன்டர்நெட்டைத் தொடலாம் என்று நீங்களே சட்டம் போடலாம். கம்பெனி திணித்த ஆப்களை வேரோடு பிடுங்கலாம். ஆனால், மாஸ்டர் சாவி கையில் இருந்தால், அதை ஏமாற்றி வாங்குபவனுக்கும் மொத்த மேன்ஷனும் சொந்தம். நீங்க ரூட் அனுமதி கொடுத்த ஒரு ஆப் கெட்டதாக இருந்தால், அதைத் தடுக்க எந்தச் சுவரும் மிச்சமில்லை.

நடைமுறை நஷ்டங்களும் உண்டு. பேங்க் ஆப்கள், யூ.பி.ஐ ஆப்கள் பலவும் ரூட் செய்த போனில் ஓடாது. ஓடிடி ஆப்களில் வீடியோ தரம் குறையலாம். சாம்சங் போன்களில் 'நாக்ஸ்' என்ற பாதுகாப்பு அமைப்பில் ஒரு எலெக்ட்ரானிக் ஃப்யூஸ் இருக்கிறது. அங்கீகாரமில்லாத சிஸ்டத்தைப் போட்டால் அது எரிந்துவிடும். மறுபடி பழைய சிஸ்டத்துக்கே திரும்பினாலும் 'செக்யூர் ஃபோல்டர்' போன்ற வசதிகள் திரும்பி வராது.

ஆக, தினமும் ஜிபே ஸ்கேன் செய்யும் போனில் ரூட் வேண்டாம். டிராயரில் தூங்கும் பழைய போன் இருக்கிறதா? சிம், பேங்க் ஆப், சொந்த போட்டோ எதுவும் இல்லாமல் அதில் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். வெறுமனே தேவையில்லாத ஆப்பை ஒழிக்க வேண்டுமென்றால், செட்டிங்ஸில் 'டிஸேபிள்' பட்டனே பெரும்பாலும் போதும்.

ரூட் இல்லாமலே சுதந்திரம்!

சுதந்திரம் வேண்டும், ஆனால் பூட்டும் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. 'கிராஃபீன் ஓ.எஸ்' கூகுளின் பிக்ஸல் போன்களுக்காக உருவான ஓப்பன் சோர்ஸ் சிஸ்டம். போட்ட பிறகு பூட்லோடரை மறுபடி பூட்டிக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய பலம். இன்டர்நெட்டைத் தொடும் அனுமதியைக்கூட ஆப் வாரியாக மறுக்கலாம். உச்சபட்ச பாதுகாப்பை நோக்கமாகக் கொண்ட இந்தக் குழு, பயனாளருக்கு ரூட் தருவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

'பைன்போன்', 'லிப்ரெம் 5' போன்றவை ஆண்ட்ராய்டே இல்லாமல் நேரடி லினக்ஸில் ஓடும் போன்கள். மைக், கேமரா, வைஃபை, மோடம் ஆகியவற்றுக்கான மின் இணைப்பையே துண்டிக்கும் சுவிட்ச்கள் இவற்றில் உண்டு. எந்த ஹேக்கராலும் சாஃப்ட்வேர் வழியே அந்த சுவிட்சைத் தட்ட முடியாது. ஆனால், நம் ஊர் பேமென்ட் ஆப்களை இவற்றில் எதிர்பார்க்கக் கூடாது.

நம் சென்னையில் இருந்தும் ஒரு முயற்சி வந்தது. ஐ.ஐ.டி மெட்ராஸின் ஆதரவில் இயங்கும் ஜேண்ட்காப்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'பாரோஸ்' 2023 ஜனவரியில் அறிமுகமானது. முன்கூட்டியே திணிக்கப்பட்ட ஆப்கள் இல்லை, நிறுவனம் சரிபார்த்த ஆப்களை மட்டும் தரும் தனி ஸ்டோர் என்பது இதன் அணுகுமுறை. ரகசியம் காக்க வேண்டிய அமைப்புகளை மனதில் வைத்தே இது முன்வைக்கப்பட்டது.

"நல்ல போன்" சர்டிஃபிகேட் யார் கையில்?

இங்கேதான் ஓனர் கேள்வி சூடாகிறது. பேங்க் ஆப் ஒன்று திறக்கும்போது, "இந்த போன் நம்பகமானதா?" என்று கூகுளின் 'ப்ளே இன்டெக்ரிட்டி' சேவையைக் கேட்கலாம். கூகுள் சான்றிதழ் பெற்ற, மாற்றப்படாத சிஸ்டமா என்பதுதான் அங்கே முக்கியமான அளவுகோல். இதனால் ஒரு முரண். வருஷக்கணக்கில் அப்டேட் காணாத ஒரிஜினல் போன்கூட இதன் சாதாரண சோதனையில் பாஸ் ஆகலாம். நேற்று அப்டேட் ஆன கிராஃபீன் ஓ.எஸ் போனை சில பேங்க் ஆப்கள் உள்ளேயே விடுவதில்லை.

அடுத்த கட்டமாக, கூகுள் 2025 ஆகஸ்ட்டில் ஒன்றை அறிவித்தது. சான்றிதழ் பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில், ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து போடும் ஆப்களுக்கும் டெவலப்பர் தன் அடையாளத்தைப் பதிவுசெய்திருக்க வேண்டும் என்ற திட்டம் அது. மோசடி ஆப்களைத் தடுக்கவே இது என்கிறது கூகுள். ஓப்பன் சோர்ஸ் ஆப்களை மட்டும் தரும் 'எஃப்-ட்ராய்டு' போன்ற தளங்கள், இது தங்கள் இருப்பையே கேள்விக்குள்ளாக்கும் என்று எதிர்த்தன. எதிர்ப்பு கிளம்பியதும், விவரம் தெரிந்தவர்கள் ரிஸ்க்கை ஏற்றுக்கொண்டு இன்ஸ்டால் செய்ய ஒரு வழி தருவதாகவும் கூகுள் சொன்னது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கோடிங் எல்லோருக்கும் பொது என்றாலும், கேட் சாவி ஒருவரிடம் என்பதுதான் இன்றைய நிலவரம்.

நிஜ ஆபத்து வரும் வழி

இப்போது மேனேஜர் சீட்டுக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை', 'டிராஃபிக் ஃபைன்', 'பேங்க் கே.ஒய்.சி' என்ற பெயரில் ஒரு ஃபைல் வரும். பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே' என்று இருக்கும். அனுப்பியவர் உங்க சித்தப்பாவாகக்கூட இருக்கலாம். ஏனெனில், அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். பத்திரிகை என்றால் போட்டோவாகவோ பி.டி.எஃப் ஆகவோ வரும். ஏ.பி.கே என்றால் அது ஆப். தட்டினால் பத்திரிகை திறக்காது, இன்ஸ்டால்தான் ஆகும்.

அதன் பிறகு அது ஒவ்வொன்றாக அனுமதி கேட்கும். நீங்க 'அலோ', 'அலோ' என்று தட்டினால் போதும். ரூட் தேவையே இல்லை. எந்த அனுமதிக்கு எவ்வளவு எடை என்று பாருங்கள்.

* எஸ்.எம்.எஸ்: உங்க ஓ.டி.பி அத்தனையும் படிக்கும். இதனால்தான் மெசேஜ் ஆப் போன்ற அவசியமானவை தவிர மற்றவை இந்த அனுமதியைக் கேட்க, ப்ளே ஸ்டோரில் 2018-ல் கட்டுப்பாடு அறிவித்தது கூகுள்.

* நோட்டிஃபிகேஷன் அக்சஸ்: மேலே வந்து விழும் ஒவ்வொரு நோட்டிஃபிகேஷனையும் படிக்கும். வாட்ஸ்அப் மெசேஜும் இதில் அடக்கம்.

* டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்: பேங்க் ஆப் மேலேயே அச்சு அசலாக ஒரு போலி ஸ்கிரீனை விரிக்க முடியும். நீங்க பாஸ்வேர்டை அடிப்பது அதில்தான்.

* அக்சஸபிலிட்டி: எல்லாவற்றிலும் கனமானது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஸ்கிரீனைப் படித்துக்காட்ட, கை அசைக்க முடியாதவர்களுக்குப் பதிலாக பட்டனைத் தட்ட உருவான அருமையான வசதி. திருட்டு ஆப் கையில் கிடைத்தால், அதுவும் ஸ்கிரீனைப் படிக்கும். உங்களுக்குப் பதிலாக அதுவே பட்டனைத் தட்டும். மற்ற அனுமதிகளுக்கும் தானே 'அலோ' கொடுத்துக்கொள்ளும்!

* டிவைஸ் அட்மின்: அன்இன்ஸ்டால் செய்ய விடாமல் அடம்பிடிக்க உதவும்.

ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியே இருந்து போட்ட ஆப்புக்கு அக்சஸபிலிட்டி கொடுக்கப் போனால் போன் தடுத்து எச்சரிக்கும். அப்போது மோசடிக்காரன் போனில் பேசிக்கொண்டே, "சார், அந்த மூணு புள்ளியைத் தட்டி அலோ ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ் குடுங்க" என்று வழிகாட்டுவான். அந்த ஒரு வரியை யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள்.

வருஷா வருஷம் உங்க கைக்கு வந்த அதிகாரம்

ஆண்ட்ராய்டு 5 வரை, இன்ஸ்டால் செய்யும்போதே எல்லா அனுமதிக்கும் மொத்தமாகச் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் ஆப்பே கிடையாது. அதன் பிறகு நிலைமை மாறியது.

* ஆண்ட்ராய்டு 6 (2015): கேமரா, மைக், கான்டாக்ட்ஸ் என ஒவ்வொன்றையும் தேவைப்படும்போது தனித்தனியாகக் கேட்க வேண்டும்.
* ஆண்ட்ராய்டு 10 (2019): ஆப் திறந்திருக்கும்போது மட்டும் லொகேஷன்.
* ஆண்ட்ராய்டு 11 (2020): 'இந்த முறை மட்டும்' அனுமதி. பல மாதம் திறக்காத ஆப்பின் அனுமதியை போனே திரும்ப எடுத்துக்கொள்ளும்.
* ஆண்ட்ராய்டு 12 (2021): மைக், கேமரா ஓடினால் மூலையில் பச்சை அடையாளம். யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று காட்டும் ப்ரைவசி டாஷ்போர்டு.
* ஆண்ட்ராய்டு 15 (2024): தனிப் பூட்டோடு ஆப்களை மறைத்துவைக்க 'ப்ரைவேட் ஸ்பேஸ்'.

இன்னைக்கே பத்து நிமிஷம் ஒதுக்குங்க!

1. செட்டிங்ஸில் 'அக்சஸபிலிட்டி' என்று தேடி, எந்தெந்த ஆப்புக்கு ஆன் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். நீங்க தெரிந்து கொடுக்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது.
2. 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' பகுதியில் வாட்ஸ்அப், ப்ரவுசர், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றுக்கும் ஆஃப் செய்யுங்கள். இது ஒன்றே பத்திரிகை மோசடிக்குப் பெரிய தடை.
3. பர்மிஷன் மேனேஜரில் எஸ்.எம்.எஸ் பட்டியலைத் திறங்கள். டார்ச் ஆப்புக்கும் வால்பேப்பர் ஆப்புக்கும் அங்கே என்ன வேலை?
4. 'அபவுட் போன்' பகுதியில் செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பழசு, இனி அப்டேட் வராது என்றால், பேங்க் வேலைகளை வேறு போனுக்கு மாற்ற யோசியுங்கள்.
5. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'யூ.எஸ்.பி டீபக்கிங்', 'ஓ.இ.எம் அன்லாக்கிங்' இரண்டும் தேவையில்லாமல் ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள்.
6. குட்டீஸ் கையில் போன் கொடுக்கும் முன் 'ஆப் பின்னிங்' போடுங்கள். உங்க மாடலில் இருந்தால் 'கெஸ்ட்' யூஸரும் நல்ல வழி.
7. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பின் நம்பரைச் சொல்லிவிட்டு வராதீர்கள். சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்', பிக்ஸலில் 'ரிப்பேர் மோட்' இதற்காகவே இருக்கின்றன.

அடுத்து, இதே ஏழையும் அம்மா, அப்பா போனிலும் செய்யுங்கள்.

தெரியாம இன்ஸ்டால் பண்ணிட்டா?

பதற்றப்படாமல் முதலில் ஃப்ளைட் மோடுக்குப் போங்கள். வைஃபை அணைந்துவிட்டதா என்றும் பாருங்கள். ஓ.டி.பி வெளியே போகும் வழி அடைபடும். வேறு போனில் இருந்து பேங்குக்கு அழைத்து கார்டு, நெட்பேங்கிங், யூ.பி.ஐ எல்லாவற்றையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். தேசிய சைபர் கிரைம் புகார் தளத்திலும் பதியலாம். பணம் அடுத்தடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவும் முன் நிறுத்த வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்ய விடவில்லை என்றால் போனை 'சேஃப் மோடு'க்குக் கொண்டுபோய், டிவைஸ் அட்மின், அக்சஸபிலிட்டி இரண்டையும் எடுத்துவிட்டு நீக்குங்கள். புகாருக்குத் தேவையான ஸ்கிரீன்ஷாட், மெசேஜ்களைப் பத்திரப்படுத்திய பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்வது உத்தமம். பாஸ்வேர்டுகளை வேறு போனில் இருந்து மாற்றுங்கள்.

மாஸ்டர் சாவி உங்களிடம் வேண்டுமா, கம்பெனியிடமே இருக்கட்டுமா என்ற விவாதம் இப்போதைக்கு முடியப்போவதில்லை. அது முடியும்வரை ரூம் சாவிகள் உங்க கையில்தான். அடுத்த முறை ஒரு ஆப் "அலோ?" என்று கேட்டால், "உனக்கு எதுக்கு இது?" என்று ஒரு தடவை திருப்பிக் கேளுங்கள். பதில் தோன்றவில்லையா... 'டோன்ட் அலோ' தட்டுங்கள். நிஜமாகவே தேவைப்பட்டால் அது மறுபடியும் கேட்கும்!